பழம்பாட்டும் மின்கித்தாரும்

ஏட்டில் ஏறிய பாட்டுக்கு உயிர் உண்டா என்னும் கேள்வி தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. பாட்டியின் வாயிலிருந்து கேட்ட தாலாட்டை எழுதி வைக்கிறோம், அச்சிடுகிறோம், பாடநூலிலும் சேர்த்துவிடுகிறோம். அதன்பின் அதைப் பாடுவார் இல்லை. சொல் நிற்கிறது, மெட்டுப் போய்விடுகிறது.

இக்கேள்வி இங்கிலாந்திலும் எழுந்தது. அங்கே அதற்கு விடை கண்டவர்களுள் புலவர்களைவிட, மின்கித்தாரும் டிரம்மும் முழக்கிய இருபது வயது இளைஞர் சிலரையே முதலில் குறிப்பிட வேண்டும். அவர்கள் அமைத்த குழுவுக்குப் பேர்போர்ட் கன்வென்ஷன் என்று பெயர். 1967-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்குழு, உறுப்பினர் பலர் மாறியும், சாவுகளைக் கண்டும், ஒருமுறை தானே தன்னைக் கலைத்துக்கொண்டும், அரை நூற்றாண்டைக் கடந்து பாடியது. நாட்டுப் பாடலையும் ராக் இசையையும் இணைத்த குழுக்கள் பல இருப்பினும், அவ்விணைப்பின் நன்மை தீமை இரண்டையும் காண இக்குழுவின் வரலாறே ஏற்றது.

முதலில் அப்பாடல்கள் ஏடேறிய கதையைச் சிறிது அறிதல் வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்பவர், ஆங்கிலக் கதைப்பாடல்களும் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களுமாக 305-ஐத் திரட்டி, பாடவேறுபாடுகளுடன் 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். நம்மிடையே நல்லதங்காள் கதை எத்தகையதோ அத்தகையவை அப்பாடல்கள்: காதல், கொலை, வஞ்சம், பேய் பிசாசு ஆகியவற்றை நீட்டி முழக்காமல் சொல்லிச் செல்பவை. ஆயினும் சைல்டு திரட்டியவை பெரும்பாலும் சொற்களே. மெட்டுகள் மிகச் சிலவே.

மெட்டைத் தேடிச் சென்றவருள் முதன்மையானவர் செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர். 1903-ஆம் ஆண்டில் சாமர்செட் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தோட்டக்காரர் ஒருவர் வேலையினூடே பாடியதைக் கேட்டு, அதை இசைக்குறிப்பில் எழுதிக்கொண்டார். அன்று தொடங்கிய பணி, 1924-இல் அவர் மறையும்வரை ஏறத்தாழ 5,000 மெட்டுகளைச் சேர்க்கும் பெரும்பணியாய் வளர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக்கும் சென்றார். பல தலைமுறைக்கு முன் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியோர் கொண்டுசென்ற பாடல்கள், தாய்நாட்டில் மங்கிய பின்னும் அம்மலைகளில் ஒலித்துக்கொண்டிருக்கக் கண்டார்.

ஷார்ப் ஆசிரியர் அல்லவா? எனவே பாடல்களைப் பள்ளிக்கும் கொண்டுசென்றார். 1906-இல் பள்ளிகளுக்கென ஒரு தொகுப்பு வந்தது. பிள்ளைகள் பாடத்தகாதவை என்று கருதப்பட்ட அடிகள் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. கிழவர்கள் கருவி எதுவுமின்றித் தனிக்குரலில் பாடியவற்றுக்குப் பியானோ பின்னணியும் சேர்ந்தது. இதனைக் குறையாக மட்டும் கூறுதல் பொருந்தாது. அவர் செய்யாதிருந்தால் பல மெட்டுகள் பாடியவர்களோடு புதைந்திருக்கும். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. வயலிலும் மதுக்கடையிலும் வாழ்ந்த பாட்டு, வகுப்பறையில் நிமிர்ந்து நின்று பாடும் பாட்டாயிற்று. பிள்ளைகள் பாடினர், பள்ளியை விட்டதும் மறந்தனர். கட்டாயத்திற்காகப் பாடியதை மாணவன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது வகுப்பெடுத்த எவருக்கும் தெரியும்.

ஷார்ப்பின் பெயரால் 1930-இல் லண்டனில் திறக்கப்பட்ட மனையில் நாட்டுப் பாடல் நூலகம் ஒன்று உண்டு. நம் கதைக்கு அது முக்கியமான இடம்.

இனிக் குழுவுக்கு வருவோம். வட லண்டனில் மஸ்வெல் ஹில் என்னும் பகுதியையொட்டிப் 'பேர்போர்ட்' என்று பெயரிட்ட வீடு ஒன்று இருந்தது. சைமன் நிக்கோல் என்னும் கித்தார்க்காரரின் குடும்பத்தார் வாழ்ந்த வீடு அது. அங்கே கூடிப் பயின்றதால் அவ்வீட்டின் பெயரே குழுவின் பெயராயிற்று. பேஸ் கித்தார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், கித்தார்க்காரர் ரிச்சர்டு தாம்சன் ஆகியோர் உடன் தொடங்கியவர்கள். 1967 மே 27-இல் கோல்டர்ஸ் கிரீன் தேவாலய மண்டபம் ஒன்றில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அன்று கேட்க வந்திருந்த மார்ட்டின் லாம்பிள் என்னும் சிறுவர், டிரம் வாசித்தவரைவிடத் தாம் நன்றாக வாசிக்க முடியும் என்று கூறி அவ்விடத்தைப் பெற்றுக்கொண்டார்!

தொடக்கத்தில் அவர்கள் பாடியவை அமெரிக்கப் பாடல்கள். பாப் டிலன் முதலியோரின் பாடல்களைத் தேடியெடுத்துப் பாடினர். ஜோ பாய்டு என்னும் அமெரிக்கர் அவர்களுடைய இசைத்தட்டுகளை உருவாக்கும் பொறுப்பேற்றார். முதல் தட்டு 1968-இல் வந்தது. அதே ஆண்டில் சாண்டி டெனி என்னும் பெண் பாடகியாகச் சேர்ந்தார். அவர் நாட்டுப் பாடல் மன்றங்களில் தனியே கித்தார் மீட்டிப் பாடிப் பழகியவர். பழம்பாடல்கள் அவர் நாவில் இருந்தன. குழுவின் வரலாற்றில் உண்மையான திருப்பம் இவ்வம்மையார் வருகையே என்பது என் கருத்து. நூலகம் பின்னால் வந்தது. நா முன்னால் வந்தது.

அவர் மன்றங்களில் பாடிவந்த மாலுமி ஒருவன் பற்றிய பழம்பாடலைக் குழுவினர் ஒருநாள் தம் கருவிகளோடு சேர்த்து வாசித்துப் பார்த்தனர். பிறகு இசைத்தட்டுக்காக அதைப் பதிவு செய்தபோது, டேவ் சுவார்பிரிக் என்னும் பிடில் வித்துவானையும் அழைத்துக்கொண்டனர். அவர் குழுவினரைவிட மூத்தவர். மார்ட்டின் கார்த்தி என்னும் புகழ்பெற்ற நாட்டுப் பாடகருடன் வாசித்துப் பெயர் பெற்றவர். பதினொரு நிமிடத்துக்கு மேல் நீளும் அப்பாடலில், டெனியின் குரல் முதலில் கதையைச் சொல்கிறது. அடியில் டிரம் அலைபோல் மெல்ல எழுந்து எழுந்து அடங்குகிறது. கதை முடிந்ததும் பிடிலும் மின்கித்தாரும் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. மெட்டு ஒன்றே, அதற்குள் கடல் இருக்கிறது. அதுவரை ஆங்கிலப் பழம்பாடலை இவ்வாறு கேட்டார் இல்லை.

அத்தட்டு வெளிவரும் முன்பே பேரிடி விழுந்தது. 1969 மே 12 விடியற்காலை, பர்மிங்காம் நகரில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு லண்டன் திரும்பிய அவர்களுடைய வண்டி, எம்-1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாயிற்று. மார்ட்டின் லாம்பிள் இறந்தார். அவருக்கு வயது 19. தாம்சனின் தோழியாகிய ஜீனி பிராங்க்ளினும் இறந்தார். உடனிருந்த மற்றவர் காயமுற்றனர். டெனி வேறு வண்டியில் சென்றமையால் தப்பினார். மாலுமிப் பாடல் அடங்கிய தட்டு ஜூலையில் வெளிவந்தபோது, மக்கள் கேட்ட டிரம் ஒலி இறந்துபோன சிறுவனுடையது.

குழு கலைந்துபோயிருக்கலாம். கலைப்பதா, தொடர்வதா என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததும் உண்டு. தொடர்வதென்றால் பழைய பாடல்களையே மீண்டும் மேடையேற்றுவது எப்படி? லாம்பிள் வாசித்த பாடல்களை வேறொருவரை வைத்து வாசிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே புதிதாக ஒன்று வேண்டும். இங்கே இன்னொரு காரணமும் கூடியது. 1968-இல் 'தி பேண்ட்' என்னும் குழுவின் முதல் தட்டு வெளிவந்திருந்தது. வட அமெரிக்க மண்ணில் ஊறிய அந்த இசையைக் கேட்ட இவர்கள், அமெரிக்கரைப்போல் அமெரிக்கப் பாட்டைத் தம்மால் ஒருநாளும் பாட இயலாது என்பதை உணர்ந்தனர். அப்படியானால் தம் மண்ணின் பாட்டு எது?

அதைத் தேடி ஹட்சிங்ஸ், செசில் ஷார்ப் மனையின் நூலகத்துக்குப் போனார். சைல்டின் தொகுதிகளையும் ஷார்ப்பின் குறிப்புகளையும் புரட்டினார். நாட்டுப் பாடல் அறிஞர் ஏ. எல். லாயிட் போன்றோரை அணுகி வினவினார். சுவார்பிரிக் முழுநேர உறுப்பினராகச் சேர்ந்தார். டேவ் மாட்டாக்ஸ் என்னும் புதிய டிரம்காரர் வந்தார். அவர் நடன மண்டப இசைக்குழுக்களில் வாசித்தவர், நாட்டுப் பாடலுக்கு முற்றிலும் புதியவர். 1969 கோடைக்காலத்தில் ஹாம்ஷயர் பகுதியில் பார்லி சேம்பர்லேன் என்னும் ஊரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். காயம் ஆறாத உடம்போடும் மனத்தோடும் அங்கேயே பாடல்களைப் பழகினர். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த தட்டின் பெயர் 'லீஜ் அண்ட் லீப்'. வழக்கொழிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களால் ஆன பெயர் அது. மெய்ப்பற்றும் விருப்பமும் எனப் பொருள் கொள்ளலாம்.

அத்தட்டிலுள்ள ஒரு பாடலைச் சற்று விரிவாகக் காண்போம். 'மேட்டி குரோவ்ஸ்' என்பது சைல்டின் தொகுப்பில் 81-ஆம் எண் பெற்ற கதைப்பாடல். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாடகம் ஒன்றிலேயே இதன் அடிகள் வருகின்றன. திருநாளன்று கோயிலுக்கு வந்த பிரபுவின் மனைவி, மேட்டி என்னும் இளைஞனைக் கண்டு தன் மனைக்கு அழைக்கிறாள். ஏவலன் ஒருவன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் செய்தி சொல்லிவிடுகிறான். விடியலில் பிரபு கட்டிலருகே வந்து நிற்கிறான். வாளில்லாதவனைக் கொன்றான் என்ற பழி வேண்டாமென்று, தன் வாள்களில் நல்லதை மேட்டிக்குக் கொடுத்துப் போரிட்டுக் கொல்கிறான். பின் மனைவியை நோக்கி, யாரை நீ விரும்புகிறாய் என்று கேட்கிறான். அவளோ இறந்துகிடப்பவனையே விரும்புவதாக அஞ்சாது கூறி உயிரை விடுகிறாள். ஒரு பெருங்கதை, ஆனால் வருணனை ஏதுமில்லை. யாரையும் குறை கூறுவதுமில்லை, புகழ்வதுமில்லை. செயலும் பேச்சுமே உண்டு. கதைப்பாடலின் இலக்கணத்தை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

குழுவினர் இச்சொற்களுக்குப் பொருத்திய மெட்டு, 'ஷேடி குரோவ்' என்னும் அப்பலாச்சிய மலைப்பாட்டின் மெட்டு. இதே மேட்டியின் கதையை ஷார்ப் அம்மலைகளில் பலர் பாடக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆக, கடல் கடந்து சென்ற கதைக்குக் கடல் கடந்த மண்ணில் வளர்ந்த மெட்டு வந்து துணையாயிற்று. மெட்டு குறுகியது, ஒவ்வொரு கண்ணிக்கும் அதுவே திரும்பத் திரும்ப வரும். தாளக்கட்டைத் தளராமல் பிடித்துக்கொண்டு, கருவிகள் கதையை முந்தாமல் பின்னால் நின்று உந்துகின்றன. கதை முடிந்து அவள் இறந்த பின்னரே பிடிலும் கித்தாரும் கட்டவிழ்த்துக்கொண்டு பாய்கின்றன. இது தற்செயலன்று. சொல்லுக்கு உரிய இடத்தைச் சொல்லுக்கு விட்டுக்கொடுத்த கருவியிசை இது. மின்கருவி பாட்டை விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் இதனை ஒருமுறை கேட்டல் நன்று.

அஞ்சியவர்கள் இருந்தனர். நாட்டுப் பாடல் மன்றங்களில் குரல் ஒன்றே தூயது, மின்கருவி கலப்படம் என்று கருதியோர் பலர். ஆனால் பியானோவை ஏற்றுக்கொண்டவர் மின்கித்தாரை மறுப்பதற்கு என்ன நியாயம் உண்டு? இரண்டும் கிழவர் கையில் இருந்தவை அல்லவே. வேறொரு குறையை மட்டும் நான் ஒப்புவேன். சொல்லை ஓரிடத்திலும் மெட்டை வேறிடத்திலும் எடுத்துப் பொருத்துவது பதிப்பாசிரியன் செய்யத்தகாத செயல். அறிஞர் லாயிட்டே தாம் பாடிய சில பாடல்களில் கைவைத்திருக்கிறார் என்பதைப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவர் வடிவத்தை நம்பிப் பாடியவர்களுக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியாமற் போயிற்று. பாடகன் இணைக்கலாம், காலங்காலமாக இணைத்தே வந்திருக்கிறான். தொகுப்பாளன் இணைத்தால், இணைத்தேன் என்று எழுதி வைக்க வேண்டும்.

வெற்றி வந்த வேளையிலேயே குழு உடைந்தது. தட்டு கடைக்கு வருமுன்னரே ஹட்சிங்ஸும் டெனியும் விலகினர். பழம்பாடலில் இன்னும் ஆழமாகச் செல்ல விரும்பினார் ஹட்சிங்ஸ். தாமே எழுதிய பாடல்களைப் பாட விரும்பினார் டெனி. இருவர் விருப்பமும் நேர்மையானதே. ஒரே குழுவில் இரண்டும் அடங்கவில்லை. ஹட்சிங்ஸ் தொடங்கிய 'ஸ்டீலை ஸ்பேன்' என்னும் குழு, அவர் அதையும் விட்டு நீங்கிய பிறகு, 1975-இல் ஒரு பழம்பாட்டைக் கொண்டே விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. பள்ளியில் பிள்ளைகள் மறந்த பாட்டுவகையைக் கடையில் காசு கொடுத்து வாங்கினர்.

எஞ்சியோர் டேவ் பெக் என்னும் பேஸ் கித்தார்க்காரரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தனர். 1971-இல் தாம்சன் போனார். அவ்வாண்டு முடிவில் நிக்கோலும் போனார். தொடங்கியவருள் ஒருவர்கூட இல்லாத குழு, தொடங்கிய பெயரோடு நடந்தது. அவ்வாண்டில் வந்த தட்டு ஒன்றை மட்டும் இங்குக் குறிப்பேன். ஜான் லீ என்பவனை 1885-இல் எக்ஸிட்டர் சிறையில் தூக்கிலிட முயன்றபோது, மூன்று முறையும் காலடிப் பலகை திறக்கவில்லை. தண்டனை ஆயுள் சிறையாக மாற்றப்பட்டு, 1907-இல் அவன் விடுதலையானான். சுவார்பிரிக் இக்கதையைப் பழம்பொருள் கடையில் கிடைத்த தாள்களிலிருந்து எடுத்து, ஒரு தட்டு முழுவதும் இக்கதையாகவே அமைத்தார். பழங்கதைப்பாடலைப் பாடிப் பழகியவர்கள் புதிய கதைப்பாடல் கட்டவும் கற்றுக்கொண்டனர் என்பதற்கு இது சான்று. அதன்பின் வந்த தட்டுகள் சிலவற்றில் அவ்வளவு சாரம் இல்லை. டெனி 1974-இல் திரும்பி வந்து மீண்டும் விலகினார். 1978 ஏப்ரலில், தம் 31-ஆம் வயதில் அவர் காலமானார்.

இசைத்தட்டுக் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முடிவு விந்தையானது. இன்னும் சில தட்டுகள் பாக்கியிருக்க, கம்பெனி பணம் கொடுத்து, இனித் தட்டே செய்ய வேண்டாம் என்று அவர்களை விடுவித்துவிட்டது. பாடுவதற்குப் பணம் வாங்கியோர் உண்டு. பாடாமலிருக்கப் பணம் வாங்கியவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்! சுவார்பிரிக்கின் காதும் மின்கருவி ஒலியால் கெட்டுவந்தது. ஆகவே 1979 ஆகஸ்ட் 4-ஆம் நாள், ஆக்ஸ்போர்டுஷயரில் பெக் குடியிருந்த குரோப்ரெடி என்னும் கிராமத்தில் விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தினர். அதே நாளில் நெப்வொர்த் திடலில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்துவிட்டு வந்துதான் கிராமத்திலும் வாசித்தனர்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமற் போனதற்குக் காரணம் கேட்போர். அன்றைய நிகழ்ச்சியின் பதிவை வெளியிடப் பெரிய கம்பெனி எதுவும் இல்லாத நிலையில், பெக்கும் அவர் மனைவியும் 'உட்வோர்ம்' என்னும் சொந்தப் பெயரில் அதைத் தட்டாக்கி விற்றனர். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குரோப்ரெடி வயலில் பழைய உறுப்பினர் கூடி வாசித்தனர்; பழைய கேட்போரும் கூடினர். மற்ற மாதங்களில் ஒவ்வொருவரும் வேறிடத்தில் பிழைத்தனர்; பெக் 'ஜெத்ரோ டல்' என்னும் பெருங்குழுவில் வாசித்துவந்தார். ஆண்டுக்கொரு முறை கிராமத்துத் திருவிழாப்போல் நடந்த இக்கூட்டம் வளர்ந்து, 20,000 பேர் வரை வரும் விழாவாயிற்று. கம்பெனிக்கு வேண்டாதது மக்களுக்கு வேண்டியதாய் இருந்தது. தனித்து நின்று தொழில் நடத்துவதைப் பிற்காலத்து இளைஞர் பெருமையாகப் பேசிக்கொண்டனர். இவர்கள் வேறு வழியின்றிச் செய்தனர்.

1985-இல் நிக்கோல், பெக், மாட்டாக்ஸ் மூவரும் உட்வோர்ம் பெயரிலேயே புதிய தட்டு ஒன்றைச் செய்து குழுவை மீண்டும் தொடங்கினர். பிடிலுக்கு ரிக் சாண்டர்ஸ் வந்தார். 1996-இல் கிரிஸ் லெஸ்லி சேர்ந்தார். பிற்காலத் தட்டுகளில் 1969-இன் வேகம் இல்லை என்பாருண்டு. உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அதே வயலில் மேட்டியின் கதையைப் பாடும்போது, பெற்றோர் தோளில் அமர்ந்து கேட்ட பிள்ளைகள் தம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். ஷார்ப் பாடநூலால் செய்ய முயன்றது இந்த வயலில் நடந்தது. விழாவின் கடைசிப் பாட்டு மட்டும் பழம்பாட்டன்று. தாம்சன் பத்தொன்பது வயதில் எழுதியது. அதைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும். எழுதியவர் பெயரை அறியாமலே பாடுவோரும் அக்கூட்டத்தில் இருப்பர்.

2006-இல் பி.பி.சி. வானொலி நேயர்கள், எக்காலத்துக்கும் மிகுந்த செல்வாக்குடைய நாட்டுப் பாடல் தட்டாக 'லீஜ் அண்ட் லீப்'பைத் தேர்ந்தெடுத்தனர். சுவார்பிரிக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1999-இல் அவர் நோயுற்றிருந்தபோது, லண்டன் நாளிதழ் ஒன்று அவர் இறந்துவிட்டதாகக் கருதி இரங்கலுரையை அச்சிட்டுவிட்டது. மிகவும் புகழ்ந்து எழுதப்பட்டிருந்த அவ்வுரையை அவரே படித்து மகிழ்ந்தார். அதன்பின் 17 ஆண்டுகள் வாழ்ந்து 2016-இல் மறைந்தார்.

நோய்த்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆண்டுகளில் குரோப்ரெடி வயல் வெறுமையாய்க் கிடந்தது. 2022-இல் மீண்டும் விழா எடுத்தனர். அவ்வாண்டில், 1998 முதல் டிரம் வாசித்துவந்த கெர்ரி கான்வே விலகினார்; முன்பு டெனியின் சொந்தக் குழுவில் வாசித்தவர் அவர். 1969-ஆம் ஆண்டுக் கோடையில், இறந்த சிறுவனின் இடத்தில் வந்து அமர்ந்த டேவ் மாட்டாக்ஸே மீண்டும் அந்த இருக்கைக்குத் திரும்பினார்.